வன்னி வானத்துக்குப் பொருந்தும் சிறிய தொலைகாட்டி எது?

ரீச்சர், உங்கள் கேள்வியைச் சுருக்கி இப்படி எடுத்துக்கொள்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறீர்கள். ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு வானம் காட்டக்கூடிய சிறிய தொலைகாட்டி ஒன்று வேண்டும். டிசம்பரில் மாமா ரொறன்ரோவில் இருந்து வருகிறார், அவரிடம் சொல்லி எடுப்பிக்கலாம். இணையத்தில் வாசித்த அளவில் 90 மில்லிமீற்றர் வாயகலமுள்ள மக்சுட்டோவ் வகைத் தொலைகாட்டி பிடித்திருக்கிறது. அதை எடுக்கலாமா, இல்லை முதுகுப்பையோடு வரும் 70 மில்லிமீற்றர் பயணத் தொலைகாட்டி போதுமா என்று கேட்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். 130 மில்லிமீற்றர் ஆடி உள்ள, குழாயை உள்ளே தள்ளிச் சுருக்கக்கூடிய மேசை டொப்சோனியன், அதாவது எளிய மரத் தளத்தில் திரும்பும், மேசைமேல் வைக்கும் தொலைகாட்டி ஒன்றை எடுங்கள். ஸ்கை-வோச்சர் ஹெரிட்டேஜ் 130பி அந்த வகையில் நன்கு தெரிந்த ஒன்று. சுருக்கினால் குழாய் ஏறக்குறைய 40 சென்டிமீற்றர் நீளம்தான். மரத் தளத்தோடு சேர்த்து 6 கிலோவுக்குச் சற்று மேலே வரும். ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் ஒரு பையில் நிற்கும்.

நீங்கள் வாசித்த விமர்சனங்கள் பிழையானவை அல்ல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 40, 50 பாகை வட அகலாங்கில், தெருவிளக்கு நிறைந்த நகரத்துக் கொல்லைப்புறத்தில் இருந்து எழுதப்பட்டவை. நாங்கள் இருப்பது 9 பாகை வட அகலாங்கில். ஏ9 வீதியை விட்டு ஐந்தாறு கிலோமீற்றர் உள்ளே போனால் பால்வீதி வெறுங்கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். இந்த இரண்டு வேறுபாடும் சேர்ந்து, எந்தச் சிறிய தொலைகாட்டி நல்லது என்ற கேள்விக்கான விடையையே மாற்றிவிடுகின்றன.

முதலில் மக்சுட்டோவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல கருவி. 1941இல் சோவியத் ஒளியியல் அறிஞர் திமித்ரி மக்சுட்டோவ் கண்டுபிடித்த அமைப்பு அது. முன்னால் தடித்த வளைந்த கண்ணாடி, பின்னால் ஆடி. ஒளி உள்ளே முன்னும் பின்னும் மடிந்து போவதால், 30 சென்டிமீற்றருக்கும் குறைந்த குழாய்க்குள் 1250 மில்லிமீற்றர் குவியத்தூரம் (ஒளி குவிய எடுக்கும் தூரம்) அடங்கிவிடுகிறது. சந்திரனும் கோள்களும் அதில் கூர்மையாகத் தெரியும். நகரத்தில் வசிப்பவருக்கு அது பொருத்தம்: விளக்கு வெளிச்சத்தில் அவருக்கு மிஞ்சுவது சந்திரனும் கோள்களும் சில இரட்டை நட்சத்திரங்களும்தான். ஆனால் அந்த நீண்ட குவியத்தூரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒன்றேகால் அங்குல பார்வைத்துண்டு (கண் வைத்துப் பார்க்கும் வில்லைத்துண்டு) எதைப் போட்டாலும் வானத்தில் ஒன்றேகால் பாகைக்கு மேல் ஒரே தடவையில் தெரியாது. 130பி-யின் குவியத்தூரம் 650 மில்லிமீற்றர். அதே பார்வைத்துண்டில் ஏறக்குறைய இரண்டரைப் பாகை தெரியும். கார்த்திகைக் கூட்டம் முழுதாக உள்ளே வந்து, சுற்றிலும் கொஞ்சம் கருமையும் இருக்கும். மக்சுட்டோவில் அந்தக் கூட்டத்தின் நடுத்துண்டுதான் தெரியும், அது கூட்டம் என்றே பிள்ளைக்கு விளங்காது.

அகன்ற பார்வை எங்கள் பக்கத்தில் ஏன் இவ்வளவு முக்கியம்? எங்கள் வானத்தின் செல்வம் தெற்கில் இருக்கிறது. ரொறன்ரோவில் இருப்பவர் தன் வாழ்நாளில் ஊரில் நின்று பார்க்க முடியாதவை இங்கே வயல்வெளியில் நின்றால் தெரிகின்றன. ஒமேகா சென்டோரி என்ற கோளக் கொத்து எங்களுக்கு 33 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. அது ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும், கோடி நட்சத்திரமளவு கொண்ட திரள். வெறுங்கண்ணுக்கு மங்கிய ஒரு புள்ளி. 130 மில்லிமீற்றரில் விளிம்பெல்லாம் தனித்தனி நட்சத்திரமாக உடைந்து தெரியும். தெற்குச் சிலுவையும், அதன் மேற்குப் பக்கத்தில் எட்டா கரினா ஒண்முகிலும் (வாயுவும் தூசியும் சேர்ந்து ஒளிரும் முகில்) 21 பாகை உயரம் வரும். அகத்திய நட்சத்திரம் 28 பாகை. பால்வீதிக்கு அயலில் உள்ள சிறிய நட்சத்திர மண்டலமான பெரிய மகெல்லன் முகில் 12 பாகை மட்டும்தான், அதற்குத் தெற்கு அடிவானம் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். பிறகு ஜூலை, ஓகஸ்டில் விருச்சிகமும் தனுசும் உயரமாக வந்து நிற்கும்போது, பால்வீதியின் நடுப்பகுதியில் குழாயைச் சும்மா நகர்த்திக்கொண்டே போகலாம், ஒன்று முடிய ஒன்று வரும். இவையெல்லாம் பெரிய, மங்கலான, பரந்த பொருள்கள். அவற்றுக்கு வேண்டியது ஒளியைச் சேர்க்கும் அகன்ற வாயும் அகன்ற பார்வையும். 130 மில்லிமீற்றர் ஆடி, 90ஐ விட இரண்டு மடங்கு, 70ஐ விட ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஒளியைப் பிடிக்கும்.

அடுத்தது கழுத்து. சிரிக்காதீர்கள், இதைப் பற்றி அங்குள்ளவர்கள் எழுதுவதே இல்லை, ஆனால் இங்கே இதுதான் நாளாந்தப் பிரச்சினை. தனுசு இராசியில் நிற்கும் ஒரு கோள் ரொறன்ரோவில் உச்சிக்கு வந்தாலும் 23 பாகைதான் ஏறும். இங்கே அதே கோள் 58 பாகை ஏறும். மற்ற இராசிகளில் என்றால் இன்னும் மேலே, சில வேளை நேர் உச்சந்தலையில். அதாவது எங்கள் கோள்கள் உச்சத்துக்கு வரும்போது எப்போதும் உயரத்தில்தான் இருக்கும். இது பெரிய வரம், ஏனென்றால் உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி குறைந்த காற்றைக் கடந்து வருகிறது, உருவம் குறைவாகவே நடுங்கும். ஆனால் முறிவுத் தொலைகாட்டியையோ (அந்த 70 மில்லிமீற்றர் போல முன்னால் வில்லை உள்ளது) மக்சுட்டோவையோ அவ்வளவு நிமிர்த்தினால் பார்க்கும் முனை கீழே, முக்காலியின் நடுவுக்குப் போய்விடும். மலிவான பயணத் தொலைகாட்டிகளோடு தரும், ஒளியைக் கண் பக்கம் திருப்பும் 45 பாகை அரியம் தரைக் காட்சிக்குச் செய்தது. உச்சியைப் பார்க்கும்போது அதில் கண் வைக்க வேண்டுமானால் தரையில் முழந்தாளிட்டு முகத்தை அண்ணாந்து பிடிக்க வேண்டும். கூடவே வரும் மெல்லிய அலுமினிய முக்காலி பல வேளை உச்சிவரை திரும்பவே திரும்பாது, குழாய் காலில் முட்டும். முறிவு வகையைத்தான் எடுப்பதாக முடிவுசெய்தால் 90 பாகை மூலைவிட்ட ஆடி ஒன்றைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். 130பி போன்ற நியூற்றன் வகையில், அதாவது அடியில் பெரிய ஆடியும் மேல்முனையில் சிறிய ஆடியும் உள்ளதில், இந்தச் சிக்கல் இல்லை. பார்வைத்துண்டு குழாயின் மேல்முனையில், பக்கவாட்டில் இருக்கிறது. குழாய் உச்சியைப் பார்த்தாலும் பிள்ளை நேராக நின்றபடி பார்க்கும்.

தாங்கியும் அப்படித்தான். கடைப்படங்களில் எதிர்ப்பாரம் தொங்கும் மத்தியகோட்டுத் தாங்கி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிக்க வேண்டும். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் 9 பாகை உயரத்தில், நீட்டிப் பிடித்த கைமுட்டி அளவு உயரத்தில், பனைக்கும் பற்றைக்கும் பின்னால் நிற்கிறது. அதைக் காண்பதே கஷ்டம். தொடக்கநிலைத் தாங்கிகள் பலவற்றை அவ்வளவு தாழ்த்தவும் முடியாது. தாழ்த்தினால் எதிர்ப்பாரக் கம்பி முக்காலிக் காலில் இடிக்கும். பாரமும் கூட. ஸ்கூட்டிக்கு அது சரிவராது. மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் எளிய தாங்கிதான் இந்த அகலாங்குக்குப் பொருத்தம். ஜோன் டொப்சன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதையில் பெரிய தொலைகாட்டிகளை வைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வானம் காட்டியவர். 1968இல் அதற்கென்று ஒரு குழுவே தொடங்கினார். மரப்பலகையில் திரும்பும் அவருடைய எளிய தாங்கிதான் இன்று அவர் பெயரில் வழங்குகிறது. நீங்கள் செய்யப்போவதும் அதே வேலைதான், அதற்கென்றே பிறந்த தாங்கி அது. அதில் ஒரே ஒரு குறை: நேர் உச்சிக்கு மிக அருகே உள்ள பொருளைப் பின்தொடர்வது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அரை மணித்தியாலம் பொறுத்தால் பொருள் இறங்கிவிடும்.

காற்றையும் பனியையும் சேர்த்துப் பார்த்தாலும் விடை அதே பக்கம்தான் சாய்கிறது. எங்களுக்குத் தெளிவான வானம் இரண்டு பருவத்தில் கிடைக்கிறது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒன்று. ஜூன் முதல் செப்ரெம்பர் வரை மற்றது. இரண்டாவது பருவத்தில் சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கும். உயரமான முக்காலியில் நிற்கும் தொலைகாட்டி அந்தக் காற்றில் நடுங்கிக்கொண்டே இருக்கும், 100 மடங்கில் சனியைப் பார்க்கவே முடியாது. முழங்கால் உயரத்தில் உட்காரும் மேசை டொப்சோனியன், ஒரு மதிலின் மறைவிலோ வாகனத்தின் மறைவிலோ வைத்தால் தாக்குப்பிடிக்கும். பெப்ரவரியில் பிரச்சினை பனி. முறிவுத் தொலைகாட்டியின் முன்வில்லையும் மக்சுட்டோவின் முன்கண்ணாடியும் நேரே வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் முதலில் நனைவது அவைதான். வயல்வெளியில் அதைக் காய வைக்க மின்சாரம் எங்கே? கடதாசி மட்டையை முன்னால் ஒன்றரைக் குழாய் அகல நீளத்துக்குச் சுற்றினால் கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். நியூற்றனின் பெரிய ஆடி குழாயின் அடியில் ஒளிந்திருக்கிறது, பனி அங்கே எளிதில் போகாது.

சரி, 130பி-யில் குறையே இல்லையா? இருக்கிறது, வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மேசை வேண்டும். பிளாஸ்ரிக் கதிரையில் வைத்தால் ஆடும், வைக்கவே வேண்டாம். பாடசாலை மேசை நல்லது, ஆனால் வயலுக்குக் கொண்டுபோக முடியாது. தச்சுவேலை செய்பவர் ஒருவரிடம் முழங்கால் உயரத்தில் மூன்று காலுள்ள கனத்த முக்காலி ஒன்று செய்விக்கச் சொல்லுங்கள். மூன்று கால் என்றால் வரம்பிலும் கட்டாந்தரையிலும் ஆடாது. மேற்பலகை தொலைகாட்டியின் வட்டத்தளத்தை விடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். கிணற்றுக்கட்டு சரியான உயரம்தானே என்று யாராவது சொல்வார்கள். இருட்டில், பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, கிணற்றடி கூடவே கூடாது.

ஆடி நேர்ப்படுத்தல் இரண்டாவது. எங்கள் கிறவல் வீதியில் ஸ்கூட்டியில் போனால் ஆடிகள் கொஞ்சம் விலகும். விலகினால் நட்சத்திரம் புள்ளியாக நில்லாமல் வால்வெள்ளி மாதிரி இழுபடும். இதைப் பார்த்துத்தான் பலர் நியூற்றனுக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. குவியப்படுத்தியோடு (பார்வைத்துண்டைப் பொருத்தி முன்பின் நகர்த்தும் பகுதி) வரும் பிளாஸ்ரிக் மூடியின் சரியான நடுவில் 2 மில்லிமீற்றர் துளை போடுங்கள். அந்தத் துளையால் பார்த்து, சிறிய ஆடிக்குள் பெரிய ஆடியின் விம்பம் நடுவில் வரும்வரை பின்னால் உள்ள திருகுகளை மெல்லத் திருப்ப வேண்டும். பகலில் வகுப்பிலேயே செய்து பழகலாம். தெறிப்பு விதி படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது. ஒன்று கவனியுங்கள்: இதைவிடச் சிறிய 76, 100 மில்லிமீற்றர் மேசைத் தொலைகாட்டிகள் சிலவற்றில் பெரிய ஆடியைத் திருப்பும் திருகே இல்லை. விலகினால் விலகினதுதான்.

மூன்றாவது, குழாயின் நடுப்பகுதி திறந்திருக்கிறது. அயல்வீட்டு விளக்கு உள்ளே அடிக்கும், பனியும் கொஞ்சம் இறங்கும். கறுப்புத் தடித்த துணியை உறை மாதிரித் தைத்துச் சுற்றிவிட்டால் முடிந்தது. ஒளிப்பாதைக்குள் தொங்காமல் இறுக்கமாக இருக்க வேண்டும்.

இனி வாங்கக் கூடாதவை. பெட்டியில் 525 மடங்கு, 675 மடங்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கையில் எடுக்காதீர்கள். உருப்பெருக்கம் என்பது குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்து வருவது. சின்னப் பார்வைத்துண்டைப் போட்டு எந்த எண்ணையும் காட்டலாம். ஆனால் வாயகலத்தின் ஒரு மில்லிமீற்றருக்கு 2 மடங்குக்கு மேல் போனால் உருவம் பெரிதாகுமே தவிர விபரம் கூடாது. 60 மில்லிமீற்றர் தொலைகாட்டிக்கு 120 மடங்குதான் எல்லை. இன்னொரு வகை: 127 மில்லிமீற்றர் நியூற்றன், குவியத்தூரம் 1000 என்று போட்டிருக்கும், குழாயோ அரை மீற்றர்தான் இருக்கும். குவியப்படுத்திக்குள் ஒரு வில்லையைச் செருகி நீளத்தைக் குறைத்திருக்கிறார்கள். மலிவாகச் செய்யும்போது அந்த ஏற்பாட்டில் கூர்மை கெட்டுவிடுகிறது, நேர்ப்படுத்துவதும் பெரும் தலையிடி. எண்களைப் பார்க்கும்போது ஆசை வரும், தவிர்த்துவிடுங்கள்.

70 மில்லிமீற்றர் பயணத் தொலைகாட்டியைப் பற்றி: முதுகுப்பையோடு சேர்த்து 2 கிலோ அளவுதான், விலையும் குறைவு. சந்திரனின் குழிகள், வியாழனின் நான்கு நிலவுகள், சனியின் வளையம் மூன்றும் தெரியும். பிரகாசமான பொருள்களின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். ஆனால் என்னுடைய உண்மையான எதிர்ப்பு அதன் முக்காலிக்குத்தான். 30 பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவர் கை பட்டதும் சனி வெளியே போனால், கடைசிப் பிள்ளை வருவதற்குள் எல்லோரும் சோர்ந்துவிடுவார்கள். 130பி-யை வாங்கக் காசு போதவில்லை என்றால் 70ஐ விட நல்ல 10×50 இருவிழிக் கருவி ஒன்றை எடுங்கள் என்பேன். எங்கள் இருளில் அது ஏராளம் காட்டும். ஒமேகா சென்டோரியும் திருவாதிரைக்குத் தெற்கே உள்ள ஒண்முகிலும் விருச்சிகத்தின் வாலடிக் கொத்துகளும் அதில் அழகு. பின்னாளில் தொலைகாட்டி வந்தாலும் அது வீணாகாது. 20 முதல் 60 மடங்குவரை மாற்றலாம் என்று விற்கும் இருவிழிக் கருவிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இப்போது புதிதாக வந்திருக்கும் தானியங்கித் தொலைகாட்டிகளையும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். 2023இல் வந்த சீஸ்டார் எஸ்50 அதில் பெயர்பெற்றது. 50 மில்லிமீற்றர் வில்லை, இரண்டரைக் கிலோ. தானே பொருளைத் தேடிப் பிடித்து, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கைத்தொலைபேசியில் ஒண்முகிலின் நிறத்தைக் காட்டிவிடும். கருவியாக மிகத் திறமையானது, ஸ்கூட்டிக்கும் இலகு. படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் அதை எடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதில் கண் வைத்துப் பார்க்க இடமே இல்லை. சனியின் வளையத்தை முதன்முதலாகத் தன் கண்ணால் பார்க்கும் பிள்ளை, குழாயின் முன்னால் யாராவது படம் ஒட்டிவைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கும். அந்த ஆச்சரியம் திரையில் வராது. கோள்களுக்கும் 50 மில்லிமீற்றர் சிறிது. பாடசாலைக்கு நான் கண்ணால் பார்க்கும் கருவியைத்தான் சொல்வேன்.

130பி-யோடு பொதுவாக 25, 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டுகள் இரண்டு வரும். 26 மடங்கும் 65 மடங்கும் கிடைக்கும். தொடங்க அது போதும். மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால் 6 மில்லிமீற்றர் அகன்ற கோணப் பார்வைத்துண்டு ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். 108 மடங்கு வரும், சந்திரனுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் அளவானது. சனியைப் பற்றி ஒரு சொல்: 2025 மார்ச்சில் வளையம் எங்களுக்கு விளிம்பாகத் திரும்பியது. அதன்பின் ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டு போகிறது, 2032 அளவில் நன்றாக விரிந்து நிற்கும். முதல் ஆண்டில் வளையம் மெலிந்து தெரிந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

சூரியனைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் வளையக் கிரகணம் எங்கள் வடபகுதியைக் கடந்து போனது. அடுத்தது 2031 மே 21. அப்போது உங்கள் தொலைகாட்டியைத் தேடி ஊரே வரும். குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கமே திருப்பக் கூடாது. பார்வைத்துண்டில் திருகிப் போடும் சின்னக் கறுப்புக் கண்ணாடியை நம்பாதீர்கள், வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். பகலில் மூடியில்லாமல் திண்ணையில் வைப்பதும் ஆபத்து. 130 மில்லிமீற்றர் ஆடி குவிக்கும் வெயிலில் துணி பற்றி எரியும்.

பாதுகாத்து வைப்பது எங்கள் ஊரில் வாங்குவதைப் போலவே பெரிய விஷயம். மழைக்காலத்து ஈரத்தில் வில்லையில் பங்கசு பிடிக்கும், பிடித்தால் சுரண்ட முடியாது. பார்வைத்துண்டுகளைக் காற்றுப் புகாத உணவுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பனியில் நனைந்த குழாயை அப்படியே மூடிப் பைக்குள் போடாமல், வீட்டுக்குள் திறந்து உலரவிட்டுப் பிறகு மூட வேண்டும். திறந்த குழாயைக் கொட்டிலில் விட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும், உண்மையாகவே கட்டும். ஆடியில் தூசி படிந்தால் துடைக்க வேண்டாம். கொஞ்சத் தூசி உருவத்தைக் கெடுக்காது, துணி கெடுக்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் கிழக்கு அடிவானம் அருமையாகத் திறந்திருக்கும், ஆனால் உப்புக்காற்று ஆடியின் பூச்சை அரிக்கும். அங்கே எப்போதாவது போங்கள், அதையே வழக்கமான இடமாக்க வேண்டாம்.

இடத்துக்கு, காலபோக (மாரிமழை நெற்செய்கை) அறுவடை முடிந்த வயலைவிட நல்லது இல்லை. பெப்ரவரி, மார்ச்சில் நிலம் காய்ந்து, எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கும். வைக்கோல் எரிக்கும் கிழமையைத் தவிருங்கள். இரணைமடு மாதிரிப் பெரிய குளத்தின் அணைக்கட்டு வடபுறம் இருப்பதால் தெற்கே தண்ணீருக்கு மேலாக அடிவானம் வரை தெரியும், தெற்குச் சிலுவைக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் இரவில் குளக்கட்டில் நிற்க முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும், யானை நடமாட்டமும் கேட்டறிய வேண்டும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்த பக்கம், பழக்கமில்லாத பற்றை, இவற்றுக்குள் இருட்டில் பிள்ளைகளோடு கால் வைக்காதீர்கள். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் ஒரு சொல் சொல்லிவிடுவது நல்லது, இரவில் வயலுக்குள் குழாயோடு ஆட்கள் நின்றால் யாரும் விசாரிக்கத்தான் செய்வார்கள். படைமுகாம் பக்கம் குழாயைத் திருப்புவதும், பச்சை லேசரை விளையாட்டுக்கு அடிப்பதும் வேண்டாம். கைவிளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் கூசாது.

நாளைத் தெரிவு செய்யும்போது போயா விடுமுறை வசதி என்று அதிபர் சொல்வார். அன்று முழுநிலவு. நட்சத்திரங்கள் மறைந்துபோகும். நிலவிலும் நிழல் விழாததால் குழிகள் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அட்டமியை ஒட்டிய வெள்ளி அல்லது சனி இரவை எடுங்கள். பாதி நிலவின் ஓரத்தில் குழிகளின் நிழல் நீண்டு கிடக்கும், நள்ளிரவோடு நிலவு மறைந்தபின் பெரியவர்களுக்கு இருண்ட வானமும் மிச்சமிருக்கும்.

மாமாவிடம் இவ்வளவும் சொல்லுங்கள்: குழாயைத் துணியில் சுற்றிக் கைப்பொதியில் எடுக்கட்டும், ஆடிகளுக்கு அதுதான் பாதுகாப்பு. மரத்தளத்தைப் பெரிய பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவில் வைக்கலாம். குழாயைக் குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளித் தேடியின் நாணய பற்றரிக்கு இரண்டு மாற்றுப் பற்றரி கொண்டுவரட்டும். வாங்கிய பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருக்கட்டும், சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டும். அவர் வரும் டிசம்பரில் இங்கே மழை, வானம் திறக்காது. அந்த வாரங்களில் பகலில் தூரத்துப் பனையின் உச்சியையோ தொலைத்தொடர்புக் கோபுரத்தையோ பார்த்துக் குவியப்படுத்தவும் ஆடியை நேர்ப்படுத்தவும் பழகுங்கள், உருவம் தலைகீழாகத்தான் தெரியும். தச்சரிடம் முக்காலிக்கும் அப்போதே சொல்லிவைத்தால் பெப்ரவரி வளர்பிறைக்கு எல்லாம் தயாராகிவிடும்.